குதிரை, பந்தயம் பற்றிய பழைய புத்தகங்கள் ஒரு பெட்டி: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மஞ்சக்குப்பம்_வாசகன்

வணக்கம். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள். குதிரை சம்பந்தமான புத்தகங்கள் ஒரு பெட்டி விலைக்கு இருக்கிறது. மொத்தம் 60,000 ரூபாய், பிரித்துத் தரமாட்டார்களாம். வரும் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. பெட்டியில் இருப்பவை:

'ஜெனரல் ஸ்டட் புக்' (இங்கிலாந்துப் பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடு) முதல் தொகுதி. தோல் கட்டு, தொட்டால் விரலெல்லாம் செம்பொடி ஒட்டுகிறது. குதிரையின் உடலமைப்பு பற்றி ஹேய்ஸ் எழுதிய 'பாயிண்ட்ஸ் ஆஃப் தி ஹார்ஸ்', துணிக் கட்டு, அட்டையில் வெள்ளைப் பூஞ்சை. கெரினியேர் பிரெஞ்சில் எழுதிய குதிரையேற்ற நூல் 'எகோல் த கவலரி', கையடக்க அளவு, முதல் தொகுதி மட்டும். முகப்பில் ரோமன் எழுத்தில் எம் டி சி சி எல் எக்ஸ் ஐ எக்ஸ் என்று போட்டிருக்கிறது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் வெளியிட்ட 'அசுவ சாஸ்திரம்'. கிண்டி ரேஸ் புத்தகங்கள் ஒரு கட்டு, கம்பிப் பின் எல்லாம் துரு. பெரிய எழுத்து தேசிங்கு ராஜன் கதை இரண்டு, வருடம் எதிலும் இல்லை. கடைசியாக ஓலைச்சுவடி ஒன்று, குதிரை வாகடம் (மருத்துவ நூல்) என்கிறார்கள்.

எதை முதலில் பார்ப்பது, எதில் ஏமாறுவோம், கடலூர் உப்புக்காற்றில் எப்படி வைத்துக் காப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் வீடு தரைத்தளம்.

நீலவேணி_புதுவை

பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நீங்கள் சொன்ன எழுத்துகளைக் கூட்டினால் 1769. பெயர்பெற்ற பெரிய அளவுப் பதிப்பு 1733-இல் வந்தது, பாரோசெல் வரைந்த படங்களோடு. 1736 முதல் சிறிய அளவில் இரண்டு தொகுதிகளாகவும் வந்தது. உங்கள் கையில் இருப்பது அந்தச் சிறிய வரிசையில் ஒன்று, அதிலும் பாதி. இரண்டு தொகுதியில் ஒன்று என்றால் விலையில் பாதி என்று கணக்குப் போடாதீர்கள். ஒற்றைத் தொகுதியை வாங்க ஆள் குறைவு. என் கணக்கில் முழு ஜோடி விலையில் கால்பங்குக்கு மேல் அதற்குப் போகக்கூடாது.

காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1769 காகிதம் என்றால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தடித்த கோடும் தெரிய வேண்டும். ஒரு தாளை மூன்று முறை மடித்து எட்டு இலையாக்கிய புத்தகத்தில் தடித்த கோடு மேலிருந்து கீழாக ஓடும். நான்கு இலையாக மடித்ததில் படுக்கையாக ஓடும். கோடே இல்லாமல் ஒரே சீராக இருக்கும் காகிதம் இங்கிலாந்தில் 1757-இல் முதலில் புத்தகத்துக்கு வந்து, 1790-களில்தான் பரவியது. ஆகவே 1769 என்று போட்ட பிரெஞ்சுப் புத்தகம் கோடில்லாத காகிதத்தில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், மறுபதிப்பு.

முகப்பில் உள்ள வருடம் உண்மையாகவே இருந்தும் உள்ளே இருப்பது வேறு காலமாக இருக்கலாம். ஜார்ஜ் ஸ்டப்ஸின் குதிரை உடற்கூறு நூல் இதற்கு நல்ல உதாரணம். முகப்பு 1766 என்றுதான் சொல்லும், ஆனால் அதே செப்புத் தகட்டிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் படம் எடுத்து விற்றிருக்கிறார்கள். காகிதத்தின் நீர்க்குறியில் 19ஆம் நூற்றாண்டு வருடம் தெரியும் பிரதிகள் உண்டு. எனவே எழுத்துத் தாளுக்கும் படத்தாளுக்கும் தனித்தனியாக வெளிச்சம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

படங்களுக்குப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கொண்டு போங்கள். செப்புத் தகட்டுப் படத்தில் கோடு கோடாக மை மேடிட்டு நிற்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் செவ்வகமாகத் தெரியும், விரலால் தடவினாலும் தட்டுப்படும். சில சமயம் ஓரத்தை வெட்டிக் கட்டும்போது அந்தப் பள்ளம் போயிருக்கும், அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். லென்ஸில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது 1880-களுக்குப் பிந்தைய அச்சு. 18ஆம் நூற்றாண்டுப் படமாக இருக்க வழியே இல்லை.

பிரெஞ்சு தெரியாமலேயே இலை குறைகிறதா என்று கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு மடிப்பின் (ஒரே தாளை மடித்துத் தைத்த இலைக்கட்டின்) கடைசிப் பக்கத்தின் அடியில் ஒற்றைச் சொல் தனியாக நிற்கும். அடுத்த பக்கத்தின் முதல் சொல் அதுவாகவே இருக்க வேண்டும். மடிப்புகளின் முதல் இலைகளில் அடியில் ஆங்கில அகரவரிசைப்படி எழுத்து ஓடும், அதில் ஜே, யூ, டபிள்யூ வராது, அதைப் பார்த்து இலை போச்சு என்று பதற வேண்டாம். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இந்த நூலின் பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கும். கைப்பேசியில் இறக்கிக்கொண்டு போய்ப் படம் படமாக ஒப்பிடுங்கள். படங்களைக் கிழித்துச் சட்டம் போட்டு விற்பது பழைய பழக்கம். பிரெஞ்சு அறிஞர் திதெரோவின் கலைக்களஞ்சியத்தில் 1762 முதல் 1772 வரை வந்த படத் தொகுதிகளிலிருந்து பிரிந்த குதிரையேற்றத் தாள்கள் இன்றும் தனித்தனியாகக் கைமாறுகின்றன. படம் இருந்த இடத்தில் முதுகோரம் மெல்லிய காகித நாக்கு மட்டும் நின்றால் யாரோ அறுத்தெடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இது புதுவையில் அடிக்கடி வரும். 1793-க்கும் 1805-க்கும் இடையில் அச்சான பிரெஞ்சு நூல்களில் 'ஆண்டு 7' என்பது போல் புரட்சிக் காலண்டர் வருடம் இருக்கும். அது 1798 செப்டம்பரில் தொடங்கிய ஆண்டு. விற்பவர் அதை ஏழாவது பதிப்பு என்று சொல்லிவிடுவார்.

ரேஸ்புக்_கிண்டி

ஸ்டட் புக் பற்றி நான் சொல்கிறேன். வெதர்பி குடும்பம் 1791-இல் முன்னோட்டம் ஒன்றை வெளியிட்டு, 1793-இல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. அந்த முதல் தொகுதியே 1808-இல் திருத்தி வந்தது, அதன்பின் 1891 வரையிலும் பலமுறை மறுபடி அச்சானது. 'முதல் தொகுதி' என்பதும் 'முதல் பதிப்பு' என்பதும் வேறு வேறு. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். முதுகை நம்பாமல் முகப்புத் தாளைப் பாருங்கள். முகப்புத் தாள் கிழிந்து போயிருந்தால் உள்ளே கடைசியாகப் பதிவான குட்டியின் பிறந்த வருடத்தைத் தேடுங்கள். புத்தகம் அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது.

உள்ளே பெண்குதிரைகள் அகரவரிசையில் இருக்கும். ஒவ்வொன்றின் பெயருக்குக் கீழே அது ஈன்ற குட்டிகள் வருட வாரியாக வரும், கூடவே பொலிக்குதிரையின் பெயரும் இருக்கும். இதனால் ஓர் எழுத்தின் கீழ் இரண்டு இலை போனாலும் ஒரு கால்வழியே அறுந்துவிடும். பக்க எண்ணை முழுக்க ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒற்றைத் தொகுதிக்குப் பெரிய விலை கிடையாது, தொடர் வரிசைக்குத்தான் மதிப்பு. பின்னாளில் வரிசை சேர்க்க நினைத்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1913-இல் ஜெர்சி விதி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன்படி, ஏற்கெனவே புத்தகத்தில் ஏறிய குதிரைகளுக்குத் தாய் தந்தை இரு பக்கமும் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தால்தான் பதிவு. 1949-இல்தான் அதைத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட தொகுதிகளில் பல அமெரிக்கக் கால்வழிகளைத் தேடினால் கிடைக்காது. அது இலை குறைவு இல்லை.

ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தால் அழித்துவிடாதீர்கள், சார். குதிரை வளர்த்தவர் எழுதிய திருத்தமாக இருந்தால் அச்சைவிட அதற்குத்தான் மதிப்பு. கிண்டி ரேஸ் புத்தகங்களுக்கும் அப்படியே. அன்றைய ஓட்டம், எடை, ஜாக்கி, உரிமையாளரின் வண்ணம் எல்லாம் அச்சில் இருக்கும். வந்த வரிசையையும் பந்தய விலையையும் பார்த்தவர் கையால் எழுதியிருப்பார், அது வேறெங்கும் கிடைக்காது. மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடங்கியது 1896. அந்தக் காலத்துப் புத்தகம் என்று யாராவது காட்டினால் விலை எந்த நாணயத்தில், அச்சகம் எது என்று கட்டாயம் பாருங்கள்.

ஹேய்ஸ் நூல் முதலில் 1893, மூன்றாம் பதிப்பு 1904, அதற்குப் பிறகும் நிறைய. முகப்பின் பின்பக்கத்தில் பதிப்பு வரலாறு இருக்கும். அதைவிடப் புகைப்படத் தாள்களை எண்ணுவது முக்கியம். முன்னால் உள்ள படப் பட்டியலோடு ஒவ்வொன்றையும் டிக் போடுங்கள். வழவழப்பான அந்தத் தாள்கள் நம் ஊர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருப்பதைப் பிரிக்க முயன்றால் படத்தின் மேல்பூச்சு அப்படியே உரிந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். அங்கேயே விட்டுவிட்டு, விலையில் அதைக் கழியுங்கள்.

கட்டுநர்_திருப்பாதிரிப்புலியூர்

செம்பொடி விஷயம். தாவரப் பட்டையில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக வாயுவால் அமிலமாகி நார் உதிர்வதுதான் அது. திருப்பிச் சரிசெய்ய முடியாது, மேலும் உதிராமல் நிறுத்தத்தான் முடியும். தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ், வாஸ்லின் எதுவும் தடவாதீர்கள். எண்ணெய் தோலைக் கருப்பாக்கி, உள்ளே இறங்கி முதல் பத்து இலைகளில் வட்டக் கறை போடும், பூஞ்சைக்கும் தீனியாகும். பழைய புத்தகம் பாழாவதற்கு நான் பார்க்கும் முதல் காரணமே இந்த எண்ணெய்தான்.

செய்ய வேண்டியது: க்ளூசெல் ஜி (தோலின் நாரைப் பிடித்துவைக்கும் செல்லுலோஸ் பசை) தூள் 2 கிராம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி. தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, மூடி ஒரு இரவு வையுங்கள், கட்டியில்லாமல் கரையும். முதலில் உள்மடிப்பு ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். சில தோல் நிரந்தரமாகக் கருக்கும். கருக்கவில்லை என்றால் மென்தூரிகையால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, தேய்க்காமல். பொன் எழுத்து உள்ள இடத்தைத் தவிருங்கள், மேலே அரக்கு வார்னிஷ் இருந்தால் ஆல்கஹாலில் கலங்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு பக்கத்தில் எரியக்கூடாது. காய்ந்ததும் அளவெடுத்த அட்டைப்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் புத்தகமும் சிவக்கும்.

பூஞ்சையை ஈரத்தோடு துடைத்தால் துணியின் இழைக்குள் போய்விடும். முதலில் காய வேண்டும்: நிழலில், மின்விசிறி எதிரே நேராக வீசாமல், புத்தகத்தை விசிறி போல விரித்து நிற்கவைத்து இரண்டு மூன்று நாள். காய்ந்து பொடியான பிறகு வெளியே எடுத்துப்போய், முகமூடி போட்டுக்கொண்டு மென்தூரிகையால் உங்களிடமிருந்து அப்பால் தள்ளுங்கள். வெயிலில் போடுவது நம் வீடுகளில் வழக்கம், புத்தகத்துக்கு அது ஆகாது. துணி வெளுக்கும், தோல் வெடிக்கும், அட்டை வில்லாக வளையும்.

பூச்சியைப் பற்றி ஒரு தெளிவு. ராமபாணம் என்று இரண்டு வேறு பூச்சிகளைச் சொல்கிறோம். வெள்ளிநிறத்தில் வழுக்கி ஓடுவது மேற்பரப்பைச் சுரண்டும், அதற்கு வேண்டியது பசையும் மாவும். அம்பு துளைத்தது போல் அட்டையிலிருந்து அட்டைக்கு ஊசித்துளை போடுவது ஒரு வண்டின் புழு. துளைகளின் கீழே புதிய மாவு உதிர்ந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை வீட்டு அலமாரியோடு சேர்க்கக்கூடாது. புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதன்மேல் இன்னொரு பை போட்டு, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த காகிதத்தில் வியர்த்துவிடும். நனைந்த புத்தகத்தையும் ஓலையையும் இதில் வைக்க வேண்டாம். பிறகு வெள்ளைத்தாள் மேல் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், மாவு உதிராவிட்டால் அலமாரிக்குப் போகலாம்.

அந்துருண்டை முட்டைகளை விட்டுவிடும், அந்தக் காற்றை மனிதர் சுவாசிப்பதும் நல்லதில்லை. பச்சை வேப்பிலையைப் பக்கத்துக்குள் வைத்தால் அதன் ஈரமும் சாயமும் இலை வடிவத்திலேயே கறையாகும். வேப்பிலை, வசம்பு வைப்பதானால் நன்றாக உலர்த்தித் துணி முடிச்சில் கட்டி அலமாரி மூலையில் வையுங்கள்.

துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள். பின்பக்கம் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, தாளுக்கும் கம்பிக்கும் நடுவே பிளாஸ்டிக் துண்டு செருகி, முன்பக்கமிருந்து தூக்குங்கள். அதே துளைகளில் பருத்தி நூலால் மூன்று துளைத் தையல் போதும். ரேஸ் புத்தகக் காகிதம் மரக்கூழ், தானே அமிலமாகிப் பழுப்பேறி முறியும். இரண்டு புத்தகத்துக்கு நடுவே பருத்திக் காகிதம் வைக்கலாம். புதுவை அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைக் காகிதத்தில் சாயமும் பூவிதழும் இல்லாத வெள்ளைத் தாள் வாங்குங்கள். வாங்கிய தாளில் பிஎச் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்த்தால், ஊதா ஆனால் வைக்கலாம், மஞ்சளானால் அமிலம், வேண்டாம்.

தரைத்தளம் என்கிறீர்கள். 2015 டிசம்பரில் கடலூரில் தண்ணீர் நின்ற மட்டத்தை உங்கள் தெருவில் விசாரித்து, அதற்கு மேல்தான் முதல் தட்டு. சுவரை விட்டு பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இரும்பு பீரோ வேண்டாம், இரவு குளிர்ந்ததும் உள்சுவர் வியர்க்கும், கடலோரத்தில் துருவும் சேரும். ஈரமானி ஒன்று வாங்குங்கள். 45-லிருந்து 60 சதவீதம் நல்லது, 65-க்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை நிச்சயம். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் அதைத் தாண்டிவிடும். அந்த மாதங்களுக்கு மட்டும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், பத்துப் புத்தகத்துக்கு அரைக்கிலோ சிலிக்கா ஜெல், துணிப்பையில். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றினால் மறுபடி வேலை செய்யும். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் நிறுத்துவது ஏசியே இல்லாததைவிடக் கெடுதல், காகிதம் தினமும் சுருங்கி விரியும்.

மஞ்சக்குப்பம்_வாசகன்

மூவருக்கும் மிக்க நன்றி. தேசிங்கு ராஜன் கதைக்கு வருடம் கண்டுபிடிக்க வழி உண்டா? ஓலையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஏடும்_எழுத்தும்

தேசிங்குக்குப் பின்னட்டையைப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். லை, னை, ளை, ணை ஆகியவை யானைத் துதிக்கை வடிவிலும், றா, னா, ணா சுழித்தும் இருந்தால் எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978-க்கு முந்தைய அச்சுக்கோப்பு. ஆனால் பழைய பக்கத்தையே படமெடுத்துப் பின்னால் மறுபடி அச்சிட்டிருக்கலாம். அதனால் எழுத்து பழையதாகவும் விலை புதியதாகவும் இருந்தால் விலையை நம்புங்கள். செஞ்சி நமக்குப் பக்கம்தான், 1714-இல் மாண்ட தேசிங்கின் கதை, பாராசாரிக் குதிரையோடு நம் திண்ணைகளில் பாடப்பட்டது. இந்த மலிவுப் புத்தகங்களை யாரும் பத்திரப்படுத்தவில்லை, அதனாலேயே நல்ல பிரதி அரிது. வெளிநாட்டுத் தோல் கட்டைவிட இதைத்தான் நான் முதலில் கையில் எடுப்பேன்.

சரஸ்வதி மகாலின் 'அசுவ சாஸ்திரம்' நகுலர் பெயரில் வழங்கும் வடமொழி நூல், 1952 வெளியீடு. படங்கள்தான் அதன் உயிர். ஒரு படத்தாள் குறைந்தாலும் விலை பேசலாம். இந்த வரிசையைத் தொடர விரும்பினால் கல்கத்தாவில் 1887-இல் அச்சான ஜயதத்தரின் அசுவ வைத்தியமும், பிலட் மொழிபெயர்த்து 1911-இல் வந்த ஃபரஸ் நாமா என்ற குதிரை நூலும் தேட வேண்டியவை.

ஓலை வேறு கதை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டு கடந்த, வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி தொல்பொருள். மற்றப் பொருள்களுக்கு 100 ஆண்டு. வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, படம் வரைந்த சுவடி என்றால் பதிவும் தேவை. பெட்டி விலையிலிருந்து அதைத் தனியே எடுத்துவிடச் சொல்லி, புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் காட்டும்படி அந்த வீட்டாருக்கே சொல்லுங்கள். சுவடிக்கு அங்கே பழகிய கைகள் இருக்கின்றன. பார்க்கும்போது இடது ஓரத்தில் ௧, ௨, ௩ என்று ஏட்டெண் தொடர்கிறதா, சுழி, நிறம், நோய், மருந்து என்று வாகடத்துக்குரிய பொருள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒட்டிய ஏட்டைப் பிரிக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள்.

முத்திரைகளையும் பாருங்கள். நூலக முத்திரை இருந்து 'நீக்கப்பட்டது' என்ற குறி இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மஞ்சக்குப்பம்_வாசகன்

பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டட் புக் முகப்பில் 1891. பக்கம் முழுசு. பிரெஞ்சு நூலில் காகிதக் கோடுகள் சரி, கடைசிச் சொற்கள் சரி, ஆனால் இரண்டு இடத்தில் அறுத்த நாக்கு. ஹேய்ஸ் 1904, எட்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. அசுவ சாஸ்திரம் முழுசு. தேசிங்கு இரண்டில் ஒன்று அணா விலை. ரேஸ் புத்தகம் 41, பாதிக்கு மேல் பென்சில் குறிப்பு. ஓலையை வீட்டார் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். நூலக முத்திரை எதிலும் இல்லை. விலை எப்படிப் பேசுவது?

ரேஸ்புக்_கிண்டி

1891 என்றால் படிக்கவும் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம், அரிது என்ற பேச்சுக்கு இடமில்லை. வலைத்தளங்களில் விற்பவர் கேட்கும் விலையை எடுக்காதீர்கள், ஏலத்தில் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முழுப்பிரதி விலையை எழுதி, குறையைக் கழித்துக் கூட்டுங்கள். பிரெஞ்சு நூல் ஒற்றைத் தொகுதி, அதிலும் இரண்டு படம் இல்லை, ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று போடுங்கள். ஓலை போனதற்கும் கழிக்க வேண்டும். 60,000 நிற்காது. என் எண்ணத்தில் இந்தப் பெட்டியின் சரக்கே அந்த 41 ரேஸ் புத்தகமும் அணா விலைத் தேசிங்கும்தான். அதை விற்பவரிடமும் மறைக்காமல் சொல்லி, அவற்றுக்கு நல்ல விலை கொடுங்கள். பட்டியலோடு கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள்.

கட்டுநர்_திருப்பாதிரிப்புலியூர்

கொண்டுவரும்போது தோல் கட்டைத் தனித்தனியே வெள்ளைத்தாளில் சுற்றுங்கள், செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். கனமானது அடியில், படுக்கையாக, நான்குக்கு மேல் அடுக்காமல். ரேஸ் புத்தகங்களை நிறுத்திவைக்காதீர்கள், முதுகு முறியும். பைக்கில் வேண்டாம், பஸ் என்றால் மடியில். மழை நாளானால் இன்னொரு நாள் போய் எடுங்கள். வந்ததும் அலமாரிக்குப் போகாமல் தனி அறையில் வெள்ளைத்தாள் மேல் ஒரு மாதம்.